பெயரைச் சொல்லிவிட்டுப் பேசவும்

தீயணைப்பு நிலையத்தின் பின்னறையில், குழாய்ச் சுருள்களுக்கும் பழைய தலைக்கவசங்களுக்கும் நடுவே முட்டி போட்டு நான் ஒயர் செருகிக்கொண்டிருந்தேன். என் கணவரின் அண்ணன் மெர்ல் பிக்ஃபோர்ட் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து, தரையில் இருந்த புதுப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். வெண்ணெய் டப்பா அளவுதான் இருக்கும் அந்தப் பெட்டி. கடைசியில் அதைக் கையில் எடுத்து, எடை பார்ப்பதுபோல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். வாழ்நாள் முழுக்க லாப்ஸ்டர் கூண்டுகளைக் கடலிலிருந்து இழுத்த கை அது. பெட்டி அதில் இருக்கிற இடமே தெரியவில்லை.

"இந்தச் சின்னப் பயலா என் வாசல்ல நிக்கப் போறான்?"

"சின்னப் பயதான். ஆனா பூட்டு இவன்கிட்டதான் இருக்கு," என்றேன்.

"ம்" என்றார். மெர்லின் 'ம்' பல வகைப்படும். இது, பிடிக்கவில்லை, ஆனாலும் பிடுங்கி எறிய மாட்டேன் என்கிற வகை. எனக்கு அது போதும். அவரை இந்த அளவுக்குக் கொண்டுவருவதற்குள் நான் தலைகீழாக நின்று தண்ணீர் குடித்திருந்தேன்.

மெரோ தீவுக்கும் கரைக்கும் நடுவே எங்களுக்கு இருப்பது ஒரு படகுதான். அதில் ஏழு கார் ஏறும். எந்தக் கார் எந்தத் தடவை ஏறுவது என்று இடம் பிடித்துவைக்க ஒரு இணையப் பக்கம் உண்டு. அதை எழுதியது மெர்ல். முதுகு மக்கர் செய்ய ஆரம்பித்து, இனிப் படகேற வேண்டாம் என்று ஆன குளிர்காலத்தில், புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து, ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதினார். நீலப் பின்னணியில் மஞ்சள் எழுத்து. பார்த்தால் கண் கூசும். நிறத்தைத் தேர்ந்தெடுத்தது அவர் மனைவி பெர்னிஸ். அவள் போன பிறகு ஒரு எழுத்தின் நிறத்தைக்கூட மாற்ற யாருக்கும் அனுமதி இல்லை.

அந்தப் பக்கம் ஆறு இடங்களைத்தான் காட்டும். ஏழாவது இடம் மெர்லின் தலைக்குள் இருக்கிறது. விடிகாலையில் யாருக்காவது நெஞ்சு வலி என்றால், கரையிலிருக்கும் ஆஸ்பத்திரியிலிருந்து யாருக்காவது திடீரென்று அழைப்பு வந்தால், அந்த இடம் அவர்களுக்கு. படகு கிளம்புகிற நேரம்வரை யாரும் வராவிட்டால் வரிசையில் நிற்கிற முதல் கார் ஏறிக்கொள்ளும். இதற்கு யாரும் தீர்மானம் போட்டதில்லை. எல்லோருக்கும் தெரியும், யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

சிக்கல் எங்கே வந்தது என்றால், மெர்லின் பக்கத்துக்குப் பூட்டு கிடையாது. அது எழுதப்பட்ட காலத்தில் அப்படித்தான் எல்லாமே இருந்தன. இப்போது போனில் அதைத் திறந்தால், 'இது பாதுகாப்பானது அல்ல' என்று முழுத் திரையில் எச்சரிக்கை வந்து நிற்கிறது. தீவுக்காரர்கள் அதைத் தள்ளிவிட்டு உள்ளே போய்விடுவார்கள். கோடைக்கு வந்து தங்குகிறவர்கள் பயந்துபோய்க் கடைக்காரர் ராட்னிக்கு போன் போடுவார்கள். ராட்னி வெறுத்துப்போய், கரையிலிருக்கும் ஒரு கம்பெனியிடம் இந்தப் பதிவு வேலையையே கொடுத்துவிடலாம் என்று மார்ச் மாத ஊர்க்கூட்டத்துக்குத் தீர்மானம் எழுதிக் கொடுத்துவிட்டார். பழைய பக்கத்தைப் பூட்டோடு சரிசெய்து காட்டினால் பிழைக்கும், இல்லையென்றால் ஓட்டெடுப்பில் போய்விடும். கரைக் கம்பெனிக்காரனுக்கு ஏழு இடம் என்றால் ஏழு இடம்தான். தலைக்குள் ஒன்று வைத்துக்கொள்ள அவனுக்கு என்ன தலையெழுத்தா?

பூட்டு வேண்டும் என்று இன்னொரு பக்கத்திலிருந்தும் நெருக்கடி. தீவின் நர்ஸ் ஏவிஸ், என் நாத்தனார், மெர்லுக்குத் தங்கை. அவளுடைய கிளினிக்கிலிருந்து திரையில் கரை டாக்டரோடு பேச ஒரு பக்கம் திறக்க வேண்டியிருந்தது. பூட்டு இல்லாமல் அதைத் திறக்கவே கூடாது என்பது சட்டம். ஊர்ப் பொது வேலைக்கு இருப்பதோ இந்தத் தீயணைப்பு நிலையத்துக்கு வருகிற ஒரே ஒரு இணைய இணைப்பு, ஒரே ஒரு முகவரி, ஒரே வாசல். அந்த வாசலில் மெர்லின் கிழட்டு கம்ப்யூட்டர் காலை நீட்டிப் படுத்திருந்தது. அதற்குப் புதுப் பூட்டெல்லாம் மாட்டத் தெரியாது. ஆகவே வாசலில் ஒரு காவலாளைப் போடலாம் என்றேன். தொழில் பேச்சில் அதற்கு ரிவர்ஸ் பிராக்ஸி என்று பெயர். வருகிறவர்கள் எல்லோரும் அவனிடம் வருவார்கள். பூட்டு, சாவி, சான்றிதழ் எல்லாம் அவன் பொறுப்பு. படகுக்கு வந்தவர்களை மெர்லின் கம்ப்யூட்டருக்கும், டாக்டருக்கு வந்தவர்களை ஏவிஸின் கம்ப்யூட்டருக்கும் அனுப்பிவிட்டு, அவர்கள் தருகிற பதிலை வாங்கி வெளியே கொடுப்பான். உள்ளே இருக்கிறவர்கள் யாரும் வாசலுக்கு வரவே வேண்டாம்.

இதையெல்லாம் வருடக்கணக்கில் கரையில் சம்பளத்துக்குச் செய்தவள் நான். லாய்டைக் கட்டிக்கொண்டு தீவுக்கு வந்த பிறகும் வீட்டிலிருந்தபடி அதையேதான் செய்கிறேன். இருந்தும் மெர்ல் கேட்டது வேறு கேள்வி.

"ஏவிஸ் வர்றதும் அதே வாசல் வழியாத்தானா?"

"அதே வாசல்தான். உள்ள வேற வேற அறை."

"அவளை நான் பாக்க வேண்டியிருக்காதே?"

கம்ப்யூட்டர்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாது என்று உறுதி சொன்ன பிறகுதான் சம்மதித்தார். அதிலும் ஒரு நிபந்தனை. அவருடைய பிரோகிராமில் நான் கை வைக்கக் கூடாது.

அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ளாமல் போன கதை ஊருக்கே தெரியும், ஏனென்றால் ஊரே அங்கே இருந்தது. எங்கள் ஊர்க்கூட்டத்தை நடத்துகிறவள் ஏவிஸ். பேசுகிறவர் எழுந்து நிற்க வேண்டும், பெயரையும் தெருவையும் சொல்ல வேண்டும், தலைவியைப் பார்த்துத்தான் பேச வேண்டும், ஒருவரோடொருவர் நேராகப் பேசிக்கொள்ளக் கூடாது. எல்லோருக்கும் எல்லோருடைய உள்ளாடை அளவும் தெரிந்த ஊரில் இது கொஞ்சம் வேடிக்கைதான். ஆனாலும் அப்படித்தான் நடக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு கூட்டத்தில் மெர்ல் எழுந்து, படகுத்துறை விளக்கைப் பற்றி நேராக ஆரம்பித்துவிட்டார். பெயரைச் சொல்லுங்கள் என்றாள் ஏவிஸ். "என் பேரு உனக்குத் தெரியாது? உனக்கு நீச்சல் கத்துக்குடுத்தவன் நான்," என்றார் இவர். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "பேரைச் சொல்லுங்க, இல்லன்னா உக்காருங்க, மிஸ்டர் பிக்ஃபோர்ட்."

மிஸ்டர் பிக்ஃபோர்ட் உட்கார்ந்தார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் அவர் மனதில் தைத்துவிட்டது என்று நினைக்கிறேன். அன்றைக்குப் பாதிரியாரையும் அவள் பெயர் சொல்லச் சொன்னாள் என்பதை எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும் அவர் காதில் ஏறவில்லை.

அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் நடுவில் நான். கடைக்குட்டி லாய்ட், இவர்கள் சண்டை என்றாலே கூண்டு பார்க்கக் கடலுக்குப் போய்விடுகிற ஆள். ஆரம்பத்தில் உள்ளதை உள்ளபடி சொல்லிப் பார்த்தேன். ஒரு சனிக்கிழமை, பானையில் சுட்ட பீன்ஸை அவரிடம் கொண்டுபோய், ஏவிஸ் கொடுத்தனுப்பினாள் என்றேன். மூடியைக்கூடத் திறக்காமல் திருப்பிக் கொடுத்தார். அடுத்த சனிக்கிழமை அதே பானையை யார் பெயரும் சொல்லாமல் அவர் அடுப்பு மேல் வைத்துவிட்டு வந்தேன். திங்கட்கிழமை பானை கழுவித் துடைத்துத் திரும்பி வந்தது. "உன் பீன்ஸ் இப்பத்தான் தேறியிருக்கு. பிரெஞ்சுக்காரி கைக்கும் பீன்ஸ் வசப்படும்னு இப்பத்தான் பாக்கறேன்," என்று, பிரெஞ்சு வம்சத்தில் பிறந்த எனக்குப் பாராட்டு வேறு. என் பீன்ஸுக்கு அதுவரை என்ன கேடு என்று கேட்க வாய் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன்.

அதிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. "அந்த மரமண்டைக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரை தீந்திருக்கும், கொண்டுபோய்க் குடு," என்று அவள் சொன்னால், "மெர்ல், இந்தாங்க மாத்திரை," என்று மட்டும் இவரிடம் சொல்வேன். "அவ வீட்டுப் படியில ஐஸ் ஏறிக் கெடக்கு, விழுந்து சாகப் போறா," என்று இவர் முணுமுணுத்தால், உப்பு மூட்டையோடு லாய்டை அனுப்புவேன். போன மாதம் ஏவிஸுக்கு முட்டி வீங்கி, கரை டாக்டரிடம் உடனே போக வேண்டியிருந்தது. மெர்லிடம் சொன்னேன். மறுநாள் காலை ஏழாவது இடம் அவளுக்காகக் காத்திருந்தது. நான் எப்படியோ இடம் பிடித்துவிட்டதாக அவளிடம் சொன்னேன். எல்லோரும் சௌக்கியமாக இருந்தார்கள். எனக்கும் அதில் ஒரு சின்னப் பெருமை இருந்தது, சொன்னால் என்ன.

புதுப் பெட்டி வேலை செய்ய ஆரம்பித்த அன்று மெர்ல் தன் போனை எடுத்து, கையை நன்றாகத் தள்ளிப் பிடித்து, பக்கத்தைத் திறந்தார். பயமுறுத்துகிற எச்சரிக்கை இல்லை. மேலே குட்டியாக ஒரு பூட்டு. கீழே அதே நீலம், அதே மஞ்சள். மூடிவிட்டு மறுபடி திறந்தார். மறுபடியும் பூட்டு. "பெர்னிஸ் பாத்திருந்தா, பூட்டையும் மஞ்சளா ஆக்குன்னு சொல்லியிருப்பா," என்றார். அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தில் வீட்டுக்குப் போய் ஒரு கேக் செய்து, பாதியை அவருக்குக் கொடுத்தேன். ஊர்க்கூட்டத்துக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. ராட்னிகூடக் கடையில் என்னைப் பார்த்து, பரவாயில்லையே என்பதுபோல் தலையை ஆட்டினார்.

கூட்டம் சனிக்கிழமை. வியாழக்கிழமை காலை எங்கள் வீட்டு போன் அலறத் தொடங்கி நிற்கவே இல்லை.

பள்ளிக்கூட டீச்சரால் பக்கத்துக்குள் நுழைய முடியவில்லை. பாதிரியாரால் முடியவில்லை. ராட்னியால் முடியவில்லை. என் போனில் திறந்து பார்த்தேன். நீலப் பின்னணியில் மஞ்சள் எழுத்தில் மெர்லின் வாசகம்: 'தப்பான சாவியை ஐந்து முறை போட்டுவிட்டீர்கள். போய்க் காபி குடித்துவிட்டு நாளை மதியம் வாருங்கள்.' யாரோ கோடைக்காரப் பிள்ளைகள் ஒருமுறை விளையாட்டுக்கு மற்றவர்கள் பெயரில் நுழையப் பார்த்ததற்காக மெர்ல் வைத்த தடை அது. ஐந்து முறை கடவுச்சொல்லைத் தப்பாகப் போட்டால் அந்த ஆளை வெளியே நிறுத்திவிடும். ஆனால் ஊரே எப்படித் தப்பாகப் போடும்?

நான் போய்ச் சேர்வதற்குள் மெர்ல் பின்னறையில் தடையை நீக்கியிருந்தார். பக்கம் கொஞ்ச நேரம் திறந்தது. மறுபடியும் எல்லோருக்கும் அடைத்துக்கொண்டது. அவர் மறுபடி நீக்கினார். மறுபடி அடைத்தது. முகத்தில் ரத்தமே இல்லை அவருக்கு.

"இத்தனை வருஷத்துல இது ஒருத்தரைக்கூட அநியாயமா வெளிய நிறுத்தினதில்ல," என்றார். "ராட்னி சொல்றதுதான் சரி போலிருக்கு. குடுத்துடலாம் கோரின். எனக்கும் வயசாயிடுச்சு, இதுக்கும் வயசாயிடுச்சு."

அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சை நான் கேட்டதே இல்லை. பெர்னிஸின் அடக்கத்தன்றுகூட, படகு நேரத்துக்குக் கிளம்பியதா என்று விசாரித்த மனிதர். வாளியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பிரோகிராம் எழுதி வைக்கும் வருகைப் பதிவைத் திறக்கச் சொன்னேன். யார் எந்த இணைய முகவரியிலிருந்து வந்தார்கள் என்று வரிவரியாக இருக்கும். முகவரியை வைத்துத்தான் அது ஆளை அடையாளம் காணும். ஒரு பக்கம் முழுக்க ஓட்டிப் பார்த்தேன். எல்லா வரியிலும் ஒரே முகவரி. டீச்சர், பாதிரியார், ராட்னி, காலையில் பார்த்த நான், எல்லோருக்கும் ஒரே முகவரி. என் வெண்ணெய் டப்பாவின் முகவரி.

"மெர்ல், இது உங்க தப்பு இல்ல, உங்க பிரோகிராம் தப்பும் இல்ல. என்னோடது."

காவலாள் எல்லோரையும் தன் பெயரிலேயே உள்ளே அனுப்பியிருக்கிறான். மெர்லின் பிரோகிராமைப் பொறுத்தவரை காலையிலிருந்து வந்துபோனது ஒரே ஒரு ஆள். அந்த ஆள் ஐந்து முறை தப்பு செய்தான், அவனைத் தள்ளி நிறுத்திவிட்டது. வாசலில் அவனைத் தவிர வேறு யாரும் இல்லையே, ஊரே வெளியே நின்றது. வந்தது யார் என்பதைச் சேர்த்துச் சொல்லும்படி நான் ஒரு வரி எழுதியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன். சோதித்துப் பார்த்தபோது நான் ஒருத்திதான் வந்தேன். ஒருத்தியே வந்தால், எல்லோரும் ஒரே ஆளாகத் தெரிவார்கள் என்பது எப்படித் தெரியும்?

ஐந்து முறை தப்பாகப் போட்ட புண்ணியவான் யார் என்றும் தெரிந்துவிட்டது. எவரெட். அவருடைய கடவுச்சொல் அவர் படகின் பெயர். எங்கள் ஊரில் படகுக்கு மனைவி பெயரைத்தான் வைப்பார்கள். எவரெட்டின் பழைய படகுக்கு முதல் மனைவி பெயர், புதுப் படகுக்கு இரண்டாம் மனைவி ஜானிஸ் பெயர். கடவுச்சொல்லை மாற்ற மறந்துபோயிருந்தார். ஜானிஸ் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது முதல் மனைவி பெயரைத் தட்ட முடியுமா? 'ஜானிஸ்' என்றே விதவிதமாகத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறார், மெர்ல் தடையை நீக்க நீக்க.

மெர்ல் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "சரி பண்ண முடியுமா?" என்றார்.

"என் பக்கம் ஒரு வரிதான். வர்றவங்களை உள்ள விடறதுக்கு முன்னாடி இவன் பேரைச் சொல்லுவான். ஆனா அதுமட்டும் போதாது. உங்க பிரோகிராம் அதைக் கேக்கணும். இப்ப அது கேக்கறதே இல்ல, வாசல்ல நிக்கற மூஞ்சியை மட்டும்தான் பாக்குது."

"அப்ப அதுல கை வைக்கணும்."

"நீங்கதான் வைக்கணும். நான் தொட மாட்டேன்."

வெளியே யாரோ தீயணைப்பு வண்டியின் சக்கரத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெர்ல் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பேரைச் சொல்லிட்டுத்தான் பேசணும்ங்கற."

"ஆமா."

"ஏவிஸ் சொல்லிக்குடுத்தாளா?"

"இல்ல மெர்ல். உலகம் பூரா இதுக்கு இப்படித்தான்."

"ம்" என்றார். இந்த 'ம்' எந்த வகை என்று எனக்குப் பிடிபடவில்லை. விசைப்பலகையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டவர், தட்டாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"வாசல் வழியா வர்றது எல்லாமே உன் பேர்லயேதான் வந்துட்டிருக்கா?"

"பெட்டி பேர்ல."

"நான் பெட்டியைக் கேக்கல."

எனக்குக் காது சூடாகிவிட்டது. அவர் திரையையே பார்த்துக்கொண்டு கேட்டார். "பீன்ஸ் யாருது?"

"ஏவிஸுது."

"மாத்திரை?"

"ஏவிஸ்தான்."

"கம்பளிச் சாக்ஸ்?"

"அதுவும்."

"எனக்கு வந்ததுல உன்னோடதுன்னு எதாச்சும் உண்டா?"

"போன வாரம் அந்தக் கேக்."

"அது நல்லா இல்ல," என்றார்.

பிறகு ஒற்றை விரலால் தட்ட ஆரம்பித்தார். நான் என் வரியை எழுதினேன், அவர் தன்னுடையதை எழுதினார். பெட்டி சொல்வதை மட்டும் நம்ப வேண்டும், வேறு யாராவது வந்து இன்னார் என்று சொன்னால் நம்பக் கூடாது என்பதையும் அவரே யோசித்துச் சேர்த்தார். வேலை முடிந்ததும் எவரெட்டுக்கு போன் போட்டு, தைரியமாக ஐந்து முறை தப்பாகத் தட்டச் சொன்னோம். எவரெட் வெளியே நின்றார். டீச்சர் உள்ளே போனாள். பாதிரியார் போனார். பதிவில் ஒவ்வொரு வரிக்கும் ஒவ்வொரு முகவரி. மெர்ல் அதை மேலிருந்து கீழே விரல் வைத்துப் படித்துக்கொண்டே போனார். ஊரிலுள்ளவர்கள் ஒவ்வொருவராக வந்து கதவைத் தட்டுவதுபோல எனக்கே இருந்தது.

மறுநாள் கிளினிக்குக்குப் போய் ஏவிஸிடமும் உள்ளதைச் சொல்லிவிட்டேன். ஒரு பக்கத்துக் கணக்கை மட்டும் தீர்த்தால் எப்படி? உன் முட்டிக்காக இடம் பிடித்தது நானில்லை, அது மெர்ல் வைத்திருக்கும் ஏழாவது இடம் என்றேன். படியில் உப்பு போடச் சொன்னதும் அவர்தான் என்றேன். அவள் ஊசி மருந்துகளை ஃபிரிட்ஜில் அடுக்கிக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள்.

"ஆறு இடமும் ரொம்பியிருந்ததை நானும்தான்டி பாத்தேன். நீ இடம் பிடிச்சதை நான் நம்பிட்டேன்னு நினைச்சியா?"

"அப்ப ஏன் இத்தனை நாள் ஒண்ணும் சொல்லல?"

"அவன் பேர் சொல்லி அனுப்பலையே," என்றாள்.

சனிக்கிழமை பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் கூட்டம். கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே மேசை போட்டு ஏவிஸ் சுத்தியலோடு உட்கார்ந்திருந்தாள். சுவர் ஓரமாக நீள மேசையில் ஆளாளுக்குக் கொண்டுவந்த சாப்பாட்டுப் பாத்திரங்கள், மதியத்துக்காக மூடி வைக்கப்பட்டிருந்தன. சாலைப் பள்ளம், பள்ளிக்கூடக் கூரை, நாய் உரிமம் எல்லாம் தாண்டி, படகுத் தீர்மானம் வந்தபோது எல்லோருக்கும் பசி வந்துவிட்டது. ராட்னி எழுந்தார், பெயரையும் தெருவையும் சொன்னார், தன்மையாகவே பேசினார். பூட்டு போட்டது நல்ல காரியம், ஆனால் வியாழக்கிழமை ஊரே வெளியே நின்றதை மறந்துவிட முடியுமா, நாளைக்கு இன்னொரு எவரெட் வந்தால் என்ன செய்வது என்றார். எல்லோரும் எவரெட்டைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். ஜானிஸ் மட்டும் சிரிக்கவில்லை.

சிரிப்பு அடங்குவதற்குள் நடுவரிசையில் ஒரு கை உயர்ந்தது. மெர்லின் கை. அந்தப் பழைய கூட்டத்துக்குப் பிறகு அவர் எந்தக் கூட்டத்திலும் கை தூக்கியதில்லை. வருவார், ஓட்டுப் போடுவார், போவார். ஏவிஸ் அந்தக் கையைப் பார்த்தாள், கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள், பிறகு அந்தப் பக்கமாகத் தலையசைத்தாள். என் பக்கத்தில் லாய்ட், இப்போதே கடலுக்குப் போய்விடலாமா என்பதுபோல் கதவைப் பார்த்தார்.

மெர்ல் எழுந்து நின்றார். முதுகை நிமிர்த்தக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"மெர்ல் பிக்ஃபோர்ட்," என்றார். "படகுத்துறைத் தெரு."

ஏவிஸ் தண்ணீர் டம்ளரை எடுத்தாள், குடிக்காமல் திரும்ப வைத்தாள். "பேசலாம்," என்றாள்.

"வியாழக்கிழமை நடந்ததைப் பத்தி, தலைவரம்மா. வாசல்ல இருந்தவன் வந்தவங்க பேரைச் சொல்லல. உள்ள இருந்தவனும் கேக்கல. அதான் ஊரே வெளிய நின்னுச்சு. இப்ப அவன் சொல்றான், இவன் கேக்கறான். அவ்வளவுதான். இதை வெச்சுக்கறதா வேண்டாமான்னு நீங்க எல்லாரும் சொல்லுங்க."

உட்காரப் போனவர் நின்றார்.

"இன்னொண்ணு, தலைவரம்மா. பீன்ஸ் நல்லா இருந்துச்சு. இத்தனை நாளும்."

ஏவிஸ் சுத்தியலைக் கையில் எடுத்தாள். தட்டவில்லை. "அது இன்னைக்குத் தீர்மானத்துல இல்ல, மிஸ்டர் பிக்ஃபோர்ட்," என்றாள். கடைசி இரண்டு வார்த்தையில் அவள் குரல் காலை வாரிவிட்டது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். இந்த முறை மெர்லும் சிரித்தார்.

பழைய பக்கத்தையே வைத்துக்கொள்ளலாம் என்பவர்கள் கை தூக்கும்படி ஏவிஸ் கேட்டாள். எண்ணி முடித்துத் தலைவி சொல்லும்வரை தூக்கிய கையை இறக்கக் கூடாது. அவள் முன்வரிசையிலிருந்து எண்ணத் தொடங்கினாள். பாதியில் நின்றாள். கண்ணாடியைக் கழற்றி, ஸ்வெட்டர் நுனியால் துடைத்து, மாட்டிக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி கழற்றினாள். சாப்பாட்டு மேசையிலிருந்து பீன்ஸ் வாசம் வந்துகொண்டிருந்தது. எவரெட்டின் தடித்த விரல்கள், டீச்சரின் சாக்பீஸ் கை, ராட்னிக்குப் பக்கத்திலேயே அவர் மனைவியின் கை, நடுவரிசையில் மெர்லின் கை, எல்லாம் கூடைப்பந்து வளையத்தை நோக்கி நீட்டியபடி நின்றன. தோள் கடுத்தவர்கள் இன்னொரு கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டார்கள். சீக்கிரம் எண்ணு என்று யாரும் சொல்லவில்லை.